ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறிய உயரம்

நான் நெய்வேலி சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். பதின்மூன்று வயது மகளுக்கு முதுகெலும்பு வளைந்திருக்கிறது. வளர்ச்சி நின்ற பிறகுதான் ஆபரேஷன் என்ற டாக்டர், மாதாமாதம் அவள் உயரத்தை அளந்து எழுதிவரச் சொன்னார்.

வேலை முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த களைப்போடு, சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளைச் சுவரோரம் நிறுத்தி அளப்பேன்.

மூன்று மாதமும் நோட்டில் ஒரே உயரம். "வளர்ச்சி நின்ன மாதிரிதான் இருக்கு, தேதி குறிச்சிடலாம்" என்ற டாக்டர், எலும்பு வளர்ச்சியைக் காட்டும் கை எக்ஸ்ரேயைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"எலும்பு இன்னும் வளருதே! எப்ப அளந்தீங்க?"

"அப்பா எப்ப ஷிஃப்ட் முடிஞ்சு வர்றாரோ அப்பதாங்க" என்றாள் மகள்.

முதல் மாதம் நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் அளந்தேன். அடுத்த மாதம் மதியம், மூன்றாவது மாதம் இரவு.

"காலையில இருக்கிற உயரம் பொழுது போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிடுங்க. பொண்ணு வளர்ந்தது அதுல மறைஞ்சிடுச்சு" என்றார் டாக்டர். ஆபரேஷன் தள்ளிப்போனது. பஸ்ஸில் திரும்பும்போது என்னையே திட்டிக்கொள்ளக்கூடத் தெம்பில்லை.

இப்போது அவள் காலையில் எழுந்ததும்தான் அளவு. நான் இல்லாத நாளில் மனைவி எடுக்கிறாள். போன மாதம் வேலை முடிந்து வந்தவன், பழக்கத்தில் டேப்பைத் தேடினேன்.

"அம்மா காலையிலேயே அளந்துட்டாங்க. நீ போய்த் தூங்குப்பா" என்றாள் மகள்.