தண்ணீர் ஆபீஸ் சைட்

அம்மா கோரில் கை வைத்திருந்தாள்.

அவள் இறந்துபோன மறு வாரம் அவளுடைய கணினியைத் திறந்த மகன் முதலில் கண்டது இதைத்தான். அழுகை வரவில்லை. கடுப்புதான் வந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருந்த, ஊர்த் தண்ணீர் அலுவலகத்தின் இணையதளம் ஓர் இலவச சிஎம்எஸ்ஸில் ஓடுகிறது. நிரல் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூடப் பெட்டிகளில் தட்டி, 'வெளியிடு' என்று அமுக்கினால் பக்கத்தைத் தயாராக்கிவிடும் மென்பொருள் அது. அதை உருவாக்கியவர்கள் எழுதிய மூல நிரலுக்குத்தான் கோர் என்று பெயர். நமக்கு எந்த மாற்றம் வேண்டுமானாலும் தனியாக ஒரு பிளகின், அதாவது துணை நிரல், எழுதி மேலே மாட்ட வேண்டும். கோரைத் தொடக் கூடாது. தொட்டால், அடுத்த அப்டேட் வரும்போது புதுக் கோப்பு பழையதன் மேல் வந்து உட்கார்ந்து, நாம் செய்ததையெல்லாம் துடைத்துவிடும். தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்ளும் பாடம். மகனும் இதே தொழில்தான், பெரிய நிறுவனம் ஒன்றில். அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். "சரிடா" என்பாள். அந்தச் "சரிடா"வின் லட்சணம் இப்போது தெரிந்தது. தன் திருத்தங்கள் அழிந்துவிடக் கூடாது என்று அப்டேட்டையே நிறுத்தி வைத்திருந்தாள்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே விபத்து. ஒரு பள்ளி அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தவள். பள்ளிக்கு இணையதளம் செய்ய வந்தவன் பாதியில் கம்பி நீட்டிவிட்டான். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவள் இவள்தானே என்று மிச்சத்தை இவள் தலையில் கட்டினார்கள். அவன் விட்டுப்போன நிரலை வரி வரியாகக் கலைத்துப் பார்த்து, மறுபடி சேர்த்து, உடைத்து, அழுது, கற்றுக்கொண்டாள். பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தபடியே பல் மருத்துவருக்கு ஒன்று, கார் ஓட்டச் சொல்லித்தருகிறவருக்கு ஒன்று, நாற்காலிக் கடைக்கு ஒன்று என்று தளங்கள் செய்தாள். குளிர்சாதனப் பெட்டிக்கும் சன்னலுக்கும் நடுவில் இருந்த இடம்தான் அவளுடைய அலுவலகம். மானிட்டரின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. மாற்றித் தருகிறேன் என்று மகன் சொன்னால், கோடு இருந்தால்தான் பக்கம் நேராக இருக்கிறதா என்று தெரிகிறது என்பாள்.

மற்ற தளங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. தண்ணீர் அலுவலகம் மட்டும் கடைசி வரை நின்றது. அங்கே அவளுக்கு 'சைட் அம்மா' என்று பெயர். மகனின் கல்லூரி நண்பர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களைவிட அதிகமாகச் சிரித்தவள் அம்மா.

அலுவலகத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. மேலாளருடைய படம் முகப்பில் சுழல வேண்டும். சுழன்றால், இன்னும் மெதுவாகச் சுழல வேண்டும். வாழ்த்துச் செய்தியை வேறொரு கோப்பிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டுவார்கள். ஆறு வகை எழுத்துருவும் மூன்று வகை நீலமும் கூடவே வந்து பக்கத்தை அலங்கோலமாக்கும். கல்யாண மண்டபத்துச் சுவரில் மாட்டலாம் என்கிற அளவுக்குப் பெரிய படங்களை ஏற்றுவார்கள். பிறகு தளம் ஆமை வேகத்தில் திறக்கிறது என்று அவளுக்கே போன் போடுவார்கள். தளத்துக்கு வருகிற ஊர்க்காரர்களுக்கு இது எதுவும் வேண்டாம். எங்கள் தெருவில் தண்ணீர் எப்போது நிற்கும், எப்போது வரும், அவ்வளவுதான். அதற்காகவே அம்மா தனியாக ஒரு படிவம் செய்து கொடுத்தாள். தெருவின் பெயர், நிற்கும் நேரம், திரும்ப வரும் நேரம். நிரப்பி அமுக்கினால் அறிவிப்பு வந்துவிடும்.

யாரிடமும் அவள் சண்டை போட்டதில்லை. "சரிங்க" என்று போனை வைப்பாள். வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பச்சைக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு கோரைத் திறப்பாள்.

நோய் வந்த பிறகும் திறந்தாள். மருந்து உள்ளே போகப் போக விரல்கள் மரத்து, தப்புத் தப்பாக அடித்து, அழித்து மறுபடி அடித்தாள். மகன் வந்து பார்க்கும்போதெல்லாம் மடிக்கணினியைப் போர்வைக்குள் தள்ளிவிடுவாள்.

இப்போது சர்வர் நிறுவனம் கெடு வைத்துவிட்டது. இவ்வளவு பழைய பதிப்பை இனி ஓட விடமாட்டார்களாம். மேலாளரிடம் மகன் பேசப் போனான். வருத்தம் சொன்னார். அதே மூச்சில், ஒரு பெரிய கம்பெனி தயார் நிலையில் வேறு தளம் தருவதாகச் சொல்லியிருப்பதையும் சொன்னார். அப்டேட் செய்து ஓட்ட முடிந்தால் அம்மாவுடையதே இருக்கட்டும். ஏதாவது குளறுபடியானால் அவர் மாறிக்கொள்வார். மகன் தலையாட்டினான். ஊரில் அம்மா செய்து, இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அதையும் யாரோ அணைத்துவிட்டுப் போக அவனுக்கு மனமில்லை.

விடுப்பு எடுத்து, அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தான். அசல் கோரையும் அவளுடைய கோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டான். வேறுபடும் வரிகள் சிவப்பில் வந்தன. ஒட்டிய எழுத்துருக்களைக் களைகிற வரிகள். பெரிய படங்களைச் சுருக்குகிற வரிகள். மேலாளரின் படம் சுழலும் வேகம், ஐந்து இடங்களில். ஒன்றுக்காவது ஏன், எதற்கு என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்க வேண்டுமே, கிடையாது. "எதுக்கும்மா இது?" என்று இரண்டு முறை வாய்விட்டே கேட்டுவிட்டான். அடுப்படியிலிருந்து அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒவ்வொன்றாகப் பிளகினுக்கு மாற்றினான். ஓரிடத்தில் நின்றான். அறிவிப்பைச் சேமிக்கும் நேரத்தில், நிற்கும் நேரத்தை எடுத்துத் திரும்ப வரும் நேரத்திலும், திரும்ப வரும் நேரத்தை எடுத்து நிற்கும் நேரத்திலும் போடச் சொல்லி இரண்டு வரிகள். தலைகீழ். பார்த்த கணத்தில் தெரிகிற தப்பு. மரத்துப்போன விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. அந்த இரண்டு வரிகளை மட்டும் விட்டுவிட்டான்.

அப்டேட் சிக்கலில்லாமல் முடிந்தது. மேலாளரின் படம் மெதுவாகச் சுழன்றது.

முதல் அறிவிப்பு மருத்துவமனையை ஒட்டிய தெருக்களுக்கு. சாயங்காலம் தண்ணீர் நிற்கும், காலையில் வரும் என்று தளம் சொன்னது. காலையிலேயே நின்றது. யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. முடி திருத்தும் கடையில் ஒருவர் தலை நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்தாராம். பல் மருத்துவர் வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாராம். அலுவலகத்தின் போன் ஓயவில்லை.

மேலாளரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உங்கள் அம்மா இருந்தவரை இப்படி நடந்ததே இல்லை என்றார். நாளைய அறிவிப்பு சரியாக வரவேண்டும். வராவிட்டால் மறுநாளே அந்தக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அறிவிப்புகளைத் தட்டுகிறவரை எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்பார்கள். அலுவலகத்தில் டைப்ரைட்டர் போய் எவ்வளவோ காலம் ஆகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அம்மாவைவிடக் கொஞ்சம் சின்னவர். மகன் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பழைய அறிவிப்பு ஒன்றைச் சும்மா தட்டிக்காட்டச் சொன்னான்.

வால்வு திறக்கிறவர் அனுப்பிய துண்டுச் சீட்டு மேசையில் இருந்தது. அக்காவின் கண் அதைவிட்டு நகரவில்லை. விரல்கள் தாமாக ஓடின. சீட்டில் தண்ணீர் திரும்ப வரும் நேரம்தான் முதலில் இருந்தது. வால்வுக்காரருக்கு அதுதான் முக்கியம். சொன்ன நேரத்தில் வராவிட்டால் திட்டு வாங்குகிறவர் அவர். அக்கா சீட்டில் இருந்த வரிசையிலேயே முதல் பெட்டியில் அதையும், இரண்டாவதில் நிற்கும் நேரத்தையும் போட்டார். பெட்டிகளின் மேல் எழுதியிருந்தது நேர் எதிராக. படித்தால்தானே.

மகனுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அம்மாவின் அந்த இரண்டு வரிகளில் தப்பே இல்லை. தப்பு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

நேரே மேலாளரிடம் போய், படிவத்தில் இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றிவிட்டால் தீர்ந்தது, ஐந்து நிமிஷ வேலை என்றான். முடியாது என்றார். படிவம் தலைமை அலுவலகத்தில் ஒப்புதல் ஆனது; கையேட்டில் அச்சாகிவிட்டது. "உங்க அம்மாவும் இதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஒரு நாள் நிறுத்திட்டாங்க."

ஏன் நிறுத்தினாள் என்று மகனுக்குத் தெரியும்.

திரும்பி வந்து தன் மடிக்கணினியைத் திறந்தான். விட்டுவிட்ட இரண்டு வரிகளைப் பிளகினில் போட்டுவிட்டால் போதும். கதை முடிந்தது. வீட்டுக்குப் போகலாம்.

"என்ன தம்பி கோளாறு?" என்றார் அக்கா. "நான் எப்பவும் போலத்தானே அடிச்சேன்?"

"ஆமாக்கா. எப்பவும் போலத்தான்."

"அப்புறம் எப்படி மாறிச்சு?"

அம்மாவாக இருந்தால் சிஸ்டத்தில் ஏதோ கோளாறு என்று மழுப்பியிருப்பாள். மகனுக்குப் பொறுமை போய்விட்டிருந்தது. "நீங்க எப்பவுமே மாத்தித்தான் அடிக்கிறீங்க. அம்மா பின்னாடி அதைத் திருப்பிப் போட்டுக்கிட்டிருந்தாங்க. நான் அது தெரியாம எடுத்துட்டேன்."

அக்கா திரையைப் பார்த்தார். பெட்டிகளின் மேல் இருந்ததை உதடு அசையப் படித்தார். சீட்டைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இத்தனை வருஷமாவா?"

அவன் தலையாட்டினான்.

"வாரா வாரம் வருவாங்களே. இதோ இந்த நாற்காலியிலதான் உக்காருவாங்க. பிள்ளைங்களப் பத்திப் பேசுவோம். உன் கல்யாணப் பேச்சுகூட வரும். இத மட்டும் ஒரு வார்த்த சொல்லலையே. சொன்னா நான் என்ன, கடிச்சா வச்சிருப்பேன்?"

"உங்க மனசு நோகுமேன்னு நெனச்சிருப்பாங்க."

"இப்ப நோகலையா?"

மகன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, கவலைப்பட வேண்டாம், பழையபடி வைத்துவிடுகிறேன், நீங்கள் வழக்கம்போலவே அடிக்கலாம் என்றான்.

"வேண்டாம்." அக்கா மடிக்கணினி மேல் கையை வைத்தார். "நான் பாத்து அடிக்கிறேன்."

அவன் கெஞ்சினான். இத்தனை வருடப் பழக்கம், விரல் தன் பாட்டுக்கு ஓடிவிடும், நாளைக்கு ஒருமுறை பிசகினாலும் அம்மாவின் தளம் போச்சு என்றான். அந்த வரிகளைப் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தான். ஆனால் இவர் பிடிவாதமாகச் சரியாக அடித்துவைத்தால், அந்த வரிகளே அதைத் தலைகீழாக்கிவிடும். இரண்டு பக்கமும் திருத்தினால் மறுபடி தப்பு. யாராவது ஒருவர்தான் திருத்த வேண்டும்.

"உங்க அம்மா செஞ்சது போயிடும்னு எனக்கு மட்டும் கவல இல்லையா தம்பி? போய்ட்டு காலையில வா."

காலையில் அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சீட்டைக் கையில் எடுக்காமல் தள்ளி வைத்தார். "நிற்கும் நேரம்" என்று சத்தமாகப் படித்தார். சீட்டில் தேடி, ஒற்றை விரலால், புதிதாகக் கற்றுக்கொள்கிறவரைப் போல அடித்தார். "திரும்ப வரும் நேரம்." அடித்தார். இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அமுக்கினார். மகன் தன் போனில் தளத்தைத் திறந்தான். சரியாக இருந்தது. மேலாளர் தன் அறையிலிருந்து பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். அம்மாவின் தளம் தப்பியது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பேருந்தில் உட்கார்ந்தபோது ஆத்திரம்தான் வந்தது. ஒரு காலைப் பொழுது. ஒரு வார்த்தை. இதற்காக அவள் மேலாளரிடம் நடந்து, பல்லைக் கடித்து, கோரைத் தொட்டு, அப்டேட்டை நிறுத்தி, மரத்த விரலோடு போர்வைக்குள் உட்கார்ந்து காவல் காத்திருக்கிறாள். சண்டை போட வேண்டும். உட்கார வைத்து, முகத்துக்கு நேரே, "ஏம்மா சொல்லல?" என்று கத்த வேண்டும். பக்கத்து இருக்கையில் இருந்தவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் தான் முணுமுணுப்பது அவனுக்கே தெரிந்தது.

வீட்டில் அப்பா சாப்பாட்டை எடுத்து வைத்திருந்தார். ஓய்வு பெற்றதிலிருந்து சமையல் அவர் பொறுப்பு. என்ன ஆயிற்று என்று கேட்டார். மகன் ஒன்றுவிடாமல், கையை ஆட்டி ஆட்டி, கோபமாகச் சொன்னான். அப்பா கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ அப்படித்தான்" என்றார்.

பிறகு தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக மென்றார். நிறுத்தினார். இன்னொரு வாய் எடுத்தார்.

"நீ சொல்லு. உப்பு எப்படி இருக்கு?"

மகன் தயங்கினான். "கம்மிதான்ப்பா."

"இன்னைக்கா?"

"அம்மா போனதுலேர்ந்தே."

அப்பா உப்பு டப்பா இருந்த அலமாரியைப் பார்த்தார். அவர் சமைத்து முடித்ததும் உள்ளே போய், அந்த அலமாரியைத் திறந்து மூடிவிட்டு, பாத்திரங்களை மேசைக்கு எடுத்து வந்தது எப்போதும் அம்மாதான்.

"நல்லா சமைக்கிறேன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா" என்றார். எழுந்துபோய் டப்பாவை எடுத்து வந்து, இருவருக்கும் நடுவில் வைத்தார்.