மூன்று சைலன்சர்

திண்டிவனத்தில் சைலன்சர் மாற்றித் தரும் கடையில்தான் அவரைப் பார்த்தேன். கோட்டக்குப்பத்துக்காரர். வெள்ளைத் தொப்பி, இஸ்திரி கலையாத சட்டை. பேசுவதற்கு முன் தாடியை ஒருமுறை நீவிக்கொள்வார். நாலு வருஷமாக துபாயில் இருந்துவிட்டு ஊருக்கு வரப்போகும் மகன், தன் க்ரூசர் பைக்குக்குப் புது சைலன்சர் மாட்டி வைக்கச் சொல்லியிருந்தான்.

மெக்கானிக் மூன்று சைலன்சர்களை ஒவ்வொன்றாக மாட்டி ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். பெரியவர் மகனை வீடியோ காலில் அழைத்து, போனை சைலன்சர் அருகே நீட்டினார்.

“ஒண்ணுமே கேக்கலை அத்தா. உங்க குரல் மட்டுந்தான் வருது.”

வண்டிச் சத்தத்தைப் போனே வடிகட்டிவிடும் என்றார் மெக்கானிக். பெரியவர் என்னைப் பார்த்தார். தாடியை நீவிக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், “டுப் டுப் டுப்” என்று வாயாலேயே மூன்று விதமாகச் சத்தம் போட்டுக் காட்டினார்.

“ரெண்டாவதே நல்லா இருக்குது அத்தா.”

போனை வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார். “எனக்கு மூணும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு தம்பி. புள்ள காத்துக்கினு இருக்கானேன்னு சும்மா மாத்தி மாத்திப் போட்டேன்.”

“அப்போ ரெண்டாவதையே மாட்டிடட்டுமா பாய்?” என்றார் மெக்கானிக், ஸ்பேனரோடு.

அவர் தாடியை நீவ ஆரம்பித்தார். இன்னும் நீவிக்கொண்டிருப்பதாகவே எனக்குப் படுகிறது.