காதில் வெட்டு உள்ள நாய்

சும்மா கொடுக்கிறார்கள் என்று மனைவி சொன்னதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல நாயை யார் சும்மா கொடுப்பார்கள்?

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. வெளியிலிருந்து வரும் பீஸ்களைப் பார்த்து, எடுப்பதா திருப்புவதா என்று சொல்வது என் பொறுப்பு. எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு அந்த மேசை கிடைத்ததே இந்தச் சந்தேகப் புத்தியால்தான். தட்டின் மேலே இருக்கும் பீஸ்கள் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அடுக்குகிறவன் அப்படித்தான் அடுக்குவான். நான் அடியிலிருந்து எடுப்பேன். சரியாக இருந்தால் பச்சை அட்டை, தவறாக இருந்தால் சிவப்பு, சொல்ல முடியாவிட்டால் மஞ்சள். சிவப்பு விழுந்த பீஸின் ஓரத்தில் கிரைண்டரால் ஒரு வெட்டுப் போட்டுவிடுவோம். போடாவிட்டால் அதையே கழுவித் துடைத்து அடுத்த தடவை திரும்ப அனுப்பிவிடுவார்கள்.

வீட்டிலும் நான் அப்படித்தான் என்பது மனைவியின் குறை. ஃபிரிட்ஜ் வாங்க நான் நாலு கடை ஏறி இறங்கி முடிப்பதற்குள் அந்த வருஷத்துக் கோடையே போய்விட்டது.

அவள் கீழ்க்கட்டளையில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போகிறாள். அதே தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். மகளோடு போய் இருக்கப்போகிறார். மகள் குடியிருக்கும் ஃபிளாட்டில் நாய் கூடாதாம்.

"மூணு வயசுதாங்க ஆகுது. அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு அவங்க கெளம்பறாங்க. அதுக்குள்ள யாரும் எடுத்துக்கலேன்னா கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு குடோன்காரர் வாங்கிப்பாராம். சங்கிலில கட்டிப் போட்டுடுவார். நாளெல்லாம் அப்படியே கெடக்கும், பாவம்."

"அதுக்கு நாம என்ன பண்றது?"

"ஒரு தடவ வந்து பாருங்களேன்."

மகள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பத்தாவது படிக்கிறாள். மூன்றாம் வகுப்பிலிருந்து நாய் வேண்டும், நாய் வேண்டும் என்று உயிரை எடுத்த பெண் இப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. ரசம் மட்டும் இன்னும் கொஞ்சம் கேட்டாள். இதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரத்துக்கு மூன்று பேரும் போனோம். பெருங்களத்தூரில் ரயில் ஏறி, பல்லாவரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ. நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

"மேகமே இல்ல, குடை எதுக்கு?" என்றாள் மனைவி.

"வெயிலுக்கு."

நாங்கள் குடியிருக்கும் பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவில் நடக்கும்போதும் என் கையில் குடை இருக்கும். வெயிலுக்கு என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

நாய் பழுப்பு நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை. கேட்டைத் திறந்தபோது குரைக்கவில்லை. புதிதாக மூன்று பேர் வருகிறோம், ஒரு சத்தம் இல்லை. நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன். மகள் உள்ளே போனாள், ஆனால் நாயின் பக்கம் போகாமல் சுவரோரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நாய் அவளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு யாரோ சொல்லிக் கொடுத்ததைப் போலச் சட்டென்று உட்கார்ந்தது. தட்டின் மேல் வரிசையில் வைத்த பீஸ் மாதிரி இருந்தது எனக்கு.

அப்போதுதான் காதைக் கவனித்தேன். இடது காதின் நுனியில் ஒரு வெட்டு. கடிபட்டுப் பிய்ந்த மாதிரி இல்லை, கருவி வைத்து எடுத்ததைப் போல நேர்த்தியாக இருந்தது. இந்த நாயை யாரோ ஏற்கெனவே பார்த்து, வேண்டாம் என்று தள்ளி, மறுபடி வேறு யார் தலையிலும் கட்டாதபடி அடையாளம் போட்டிருக்கிறார்கள்.

டீச்சரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கும். அவர் ஊசி போட்ட புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். கம்பெனித் தாளில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்று எனக்குப் பழக்கம். இது வேறு கட்டம். தலையை ஆட்டிக்கொண்டே பக்கங்களைப் புரட்டினேன். டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என் கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல தம்பி. இருந்தாலும் எனக்கு மனப்பாடம், சொல்றேன் கேளுங்க" என்று ஒவ்வொரு ஊசியாகச் சொன்னார். கண்ணாடி அவர் கழுத்தில்தான் தொங்கியது.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் மனைவி கேட்டாள், "என்னங்க?"

"மஞ்சள்" என்றேன்.

"ப்பா, அது நாய். உங்க கம்பெனி லாட் இல்ல" என்றாள் மகள்.

சொல்லிவிட்டுப் போனால் யாரும் வீட்டைக் கூட்டித்தான் வைத்திருப்பார்கள். அதனால் புதன்கிழமை, முதல் ஷிஃப்ட் முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் நேராகக் கீழ்க்கட்டளைக்குப் போனேன். என் சாப்பாட்டுப் பையின் ஜிப் முந்தின நாள்தான் போயிருந்தது. காலையில் அவசரத்தில், மகள் சனிக்கிழமைகளில் அம்மாவோடு கடைக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளும் பழைய பையில் டிபன் பாக்ஸைப் போட்டு எடுத்து வந்திருந்தேன். சனிக்கிழமைகளில் அவள் போவது ஹூக் தைக்க. எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

டீச்சர் கேட்டைத் திறந்தார். நான் நாயைத் தேடுவதற்குள் அது என்னிடம் வந்துவிட்டது. குடை கையில் இருந்தும் கை எழவில்லை. அது என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தது. பக்கவாட்டு ஜிப்பை மூக்கால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்து வலது முன்னங்காலைத் தூக்கிக் காட்டியது.

ஜிப்பைத் திறந்தேன். உள்ளே பிஸ்கட் தூள். பழுப்பு முடி.

"உங்க பொண்ணு கொண்டுவர்ற பைதானே இது" என்று சொல்லிச் சிரித்த டீச்சர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "வீட்ல சொல்லலையா தம்பி?"

"எத்தனை நாளா?"

"நாலு மாசம் இருக்கும். சனிக்கிழமை தவறாம ரெண்டு பேரும் வருவாங்க. இவனுக்கு உட்கார, கை கொடுக்கக் கத்துக் கொடுத்ததே அவதான். வந்தவங்களப் பார்த்துக் குரைக்கக் கூடாதுன்னு பழக்கினதும் அவதான். 'அப்பா வருவார், அவருக்குச் சத்தம் ஆகாது'ன்னு சொல்லிச் சொல்லி."

நாலு மாசம். மேல் வரிசையை அடுக்கியது என் வீட்டு ஆட்களேதான்.

நாயின் இடது காதைக் காட்டி, "காது?" என்றேன்.

"அதுவா? தெருவுல இருந்த குட்டிதான் இவன். பிடிச்சிட்டுப் போய்க் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணி, ஊசியும் போட்டுத் திரும்ப விடுவாங்க இல்லையா, அப்ப அடையாளத்துக்குக் காதுல கொஞ்சம் வெட்டிவிடுவாங்க. இவனுக்கு எல்லாம் ஆச்சு, மறுபடி பிடிக்க வேணாம்னு அர்த்தம். அதுக்கப்புறந்தான் என் வாசல்ல வந்து படுத்தான்."

அப்படியானால் அது எங்கள் கணக்கில் பச்சை. ஆனால் அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வேறொன்று குடைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பையை மேசைமேல் வைத்தேன், ஜிப் திறந்தபடி. மனைவி பார்த்தாள். மகள் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் எதுக்கு மறைக்கணும்?"

"மறைக்கலங்க. சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா அன்னைக்கே வேணாம்னிருப்பீங்க" என்றாள் மனைவி. "நீங்க கேக்கற ஒவ்வொண்ணுக்கும் பதில் வச்சிக்கிட்டு சொல்லலாம்னு இருந்தோம்."

மகள் உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் ‘அப்பா கேட்பது’ என்று எழுதிக் கோடு போட்டிருந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், மெதுவாகத்தான். இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

ஏன் சும்மா கொடுக்கிறார்கள்? ஊசி எப்போது, லைசென்ஸ் எங்கே? மழையில் எங்கே படுக்கும்? ஏரிக்கரை நாய்கள் சண்டைக்கு வந்தால்? ஒவ்வொன்றுக்கும் கீழே பதில். ‘வீட்டு ஓனர் ஒத்துக்கொள்வாரா’ என்பதற்குக் கீழே ‘கேட்டாச்சு, மொட்டை மாடிக்கு மட்டும் போகக் கூடாதாம்’ என்று இருந்தது. ஓனருக்குக்கூட எனக்கு முன்னால் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டாவது: ‘எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாயை யார் பார்ப்பது?’ பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘கண்டிப்பாகக் கேட்பார்’.

"இத நான் கேக்க மாட்டேன்" என்றேன்.

"ஃபிரிட்ஜ் வாங்கறப்ப கேட்டீங்கப்பா."

கடைசிக் கேள்விக்குக் கீழே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. ‘அப்பாவுக்கு நாய் என்றால் பயமா?’

"இதுக்கு ஏன் பதில் இல்ல?"

"அம்மாகிட்ட கேட்டேன். தெரியலன்னுட்டாங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏழாவது படிக்கும்போது ரயில்வே லைன் ஓரம் ஒரு நாய் துரத்தி, கெண்டைக்காலைக் கவ்வி, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தழும்பு, சைக்கிள் செயினில் மாட்டியது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பேனாவைக் கேட்டு வாங்கி, ‘ஆமாம்’ என்று எழுதினேன். மகள் வாங்கிப் படித்தாள். நோட்டை மூடினாள்.

"அப்ப வேணாம்ப்பா" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. குடோன் சங்கிலி அவள் முகத்தில் தெரிந்தது.

"மஞ்சள்னா வேணாம்னு அர்த்தமில்ல" என்றேன். "கயிற நீதான் பிடிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஜெபம் பண்ணி அதை வழியனுப்பினார். ரயிலில் கொண்டுபோக வழியில்லை என்று பீர்க்கன்கரணை வரைக்கும் ஆட்டோ பேசினேன். மகள் ஒரு ஓரம், மனைவி ஒரு ஓரம், நடுவில் நான். நாய் எங்கள் காலடியில்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "கடிக்குமா சார் இது? போன வாரம் ஒருத்தர் பூனைய ஏத்தினு வந்து ஒரே பேஜார் பண்ணிட்டாரு."

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். பதில் அவர்களுக்குத் தெரியும்.

"இதுவரைக்கும் இல்ல" என்றேன்.

பல்லாவரம் தாண்டியதும் நாய் தலையைச் சாய்த்தது. வெட்டுப்பட்ட காது என் முழங்காலில் வந்து படிந்தது, சூடாக. தாம்பரம் போச்சு, பெருங்களத்தூர் போச்சு, வீடு வரும்வரைக்கும் நான் காலை நகர்த்தவில்லை. நகர்த்தப் பயமாக இருந்தது.