பெருநாளுக்கு மறுநாள் தேத்தண்ணி

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், அண்ணன் முறையில் எல்லாரும் ‘காக்கா’ என்று கூப்பிடும் ஒருவரின் தேத்தண்ணிக் கடை இருந்தது. மருதோன்றி பூசிச் சிவந்த தாடி, தோளில் எப்போதும் ஓர் ஈரத் துவாய். நோன்பு முடிந்து, பெருநாளுக்கு மறுநாள் காலையில் கடை திறந்ததும், வருகிறவரிடம் கிளாஸைக் கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்வார். வெறும் கிளாஸை மேசையில் வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்புவார்.

ஒருமுறை கேட்டேன். “என்ன காக்கா, மூஞ்சத் திருப்புறீங்க?”

“ஒரு மாசமா நோம்பு புடிச்ச ஆக்கள் தம்பி. பகல்ல குடிக்கக்குள்ள ஆராச்சும் பாத்தா தொண்டைக்குள்ள இறங்குமா? நீங்க குடிங்க.”

என் கையிலிருந்த கிளாஸும் அதுவரை வாய்க்குப் போகாமல்தான் இருந்தது.

இப்போது கொழும்பில் வேலை. பெருநாளுக்கு மறுநாள் கன்டீனில் தேத்தண்ணியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், எதிரில் இருப்பவர் கொஞ்சம் திரும்பி உட்காரமாட்டாரா என்று இருக்கும்.