வண்டிக்கு முகம் மாற்றிய ஞாயிறு

சன்னாசி மட்கார்டைத் தோளில் தாங்கி நின்றார். அரசாங்க ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்கான மகன் முருகையா அடியில் மல்லாந்து படுத்து, போல்ட்டைத் துளைக்கு நேராகக் கொண்டுவந்துகொண்டிருந்தான்.

"இறுக்காதடா. கையாலயே திருகி விடு. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசி முடிக்கட்டும். அப்புறம் ஸ்பேனர் போடலாம்."

"தெரியும்ப்பா. இதுக்குத்தான் கவர்மெண்டு எனக்குச் சம்பளம் குடுக்குது."

"சம்பளக்காரரு போன தடவ பானெட்டு மூடலன்னு அது மேல ஏறி உக்காந்தாரே, அது யாரு?"

அப்பாவும் மகனும் சேர்ந்து பார்த்த கடைசி வேலை அது.

வண்டி போருக்கு முந்திய ஆஸ்டின். ரப்பர் தோட்டத்துத் துரையுடையது. சன்னாசிதான் டிரைவர். லுக்குட் சாலைத் தடுப்பில் முன்னால் போன மரலோரி திடீரென்று நிற்க, ஆஸ்டின் அதன் பின்புறத்தில் போய்ச் செருகிக்கொண்டது. ஒரு பக்கத்து மட்கார்டு அப்பளமாகிவிட்டது. கிரில், விளக்கு, ரேடியேட்டர் மூன்றும் போயின. வண்டியின் அடிச்சட்டத்து முனை உள்ளே ஒடுங்கிவிட்டது. மம்பாவில் பழைய இரும்புக் கடையில் இதே ஜாதி வண்டி ஒன்று பின்பக்கம் நசுங்கிக் கிடந்தது. அதன் முன்பக்கத்தை அப்படியே கழற்றி வந்தார்கள். சட்டத்தை ரப்பர் மரத்தில் சங்கிலி கட்டி இழுத்து நிமிர்த்தினார்கள். ரேடியேட்டரை உட்கார வைத்து, மட்கார்டுகளைத் தளர்வாக மாட்டி, பானெட்டின் இடைவெளி இருபுறமும் ஒன்றாக நின்ற பிறகே சன்னாசி ஸ்பேனரைக் கையில் எடுக்க விட்டார். கறுப்பு வண்டிக்குப் பச்சை முகம் வந்தது.

"மாப்பிள்ளைக்குக் கழுத்து வரைக்கும் பவுடர் போட்ட மாதிரி இருக்குப்பா."

"ஓடுனா போதும்லா. துரைக்குப் பொண்ணா பாக்கப் போறோம்?"

தோட்டத்தில் வண்டியின் முன்பக்கத்துக்கு முகம் என்றுதான் பெயர். முகம் மாறினால் அது புது வண்டி. புது வண்டி முதல் ஓட்டமாகப் பெரியவரிடம் போக வேண்டும். மஞ்சள் துணியில் ஒரு காசும் ஒரு பிடி பச்சரிசியும் முடிந்து வண்டியில் கட்டி, அவருடைய இடத்தில் அவிழ்த்து மரத்தில் தொங்கவிட வேண்டும். பெரியவர் என்பது முனியாண்டி. வேலிக்கு வெளியே, கடைசி ரப்பர் நிரை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறார். அவர் எல்லைக்குள் போகும்போது யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, பெரியவர் என்பதோடு சரி.

சன்னாசி இதில் தவறியதே இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் லோரி ஓட்டத் தெரிந்தவன் என்று அவரைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். கூடப் போனவர்களில் பாதிப் பேர் அங்கேயே மண்ணாகிவிட்டார்கள். இவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி, வீட்டுக்குப் போகுமுன் அந்த மரத்தடிக்குத்தான் போனார்.

ஆனால் அந்த வருஷம் மலாயாவில் அவசரகாலச் சட்டம். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாது என்று வாசலில் சோதனை. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் தேத்தண்ணியோடு போனார்கள். ஒரு பிடி அரிசி வெளியே போனாலும் சிறை, அல்லது இந்தியாவுக்குக் கப்பல். சன்னாசிக்கு இது தெரியாமல் இல்லை. மஞ்சள் முடிச்சில் இருப்பது அரிசி என்றே அவருக்குத் தோன்றவில்லை. அது காணிக்கை.

முதல் ஓட்டத்தில் வாசலில் வண்டியை நிறுத்திய காவலர் ஒருவர் குனிந்து, புது மட்கார்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். முடிச்சு வெளியே வந்தது. சார்ஜெண்ட் அவிழ்த்துப் பார்த்தார். மலாய்க்காரர், நடுவயது. அதுவரை பச்சை முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்.

"இனி அப்பா?" என்றார் மலாயில். இது என்ன?

படையல் என்பதற்குச் சன்னாசியிடம் மலாய்ச் சொல் இல்லை. இருந்ததை வைத்துச் சொன்னார். "மக்கான், துவான். உந்தோக் ஓராங் துவா. டியா டூடோக் டாலாம் ஹூத்தான்."

பெரியவருக்குப் படையல், அவர் அந்தக் காட்டோரம் இருக்கிறார் என்று சொன்னதாக அவர் நினைத்தார். சார்ஜெண்டின் காதில் விழுந்தது வேறு: சாப்பாடு. கிழவனுக்கு. காட்டுக்குள் இருக்கிறான்.

துப்பாக்கிகள் நிமிர்ந்தன.

"சாமிங்க! டத்தோ, டத்தோ கிராமாட்!" என்று சாமியை மலாயிலும் சொல்லி முருகையா கத்தினான். "நீ பேசாதே" என்று மலாயில் அதட்டினார் சார்ஜெண்ட். சன்னாசியைத் தரையில் உட்கார வைத்துக் கைகளைப் பின்னால் கட்டினார்கள்.

"என்னடா கோவம் அவருக்கு? சரியாத்தான சொன்னேன்?"

"சரியாத்தான்ப்பா சொன்னீங்க. அதான் வம்பு."

வெள்ளைக்கார அதிகாரி வந்தார். முருகையா வயசுதான் இருக்கும், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. முருகையா ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அந்தக் கிழவரை எனக்குக் காட்டுங்கள்" என்றார்.

சன்னாசியை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வந்தார்கள். காட்டிலிருந்து குண்டு வந்தாலும் முதலில் அவர்மேல்தான். முருகையாவுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த ஒற்றையடிப் பாதையில் காட்டு ஆட்களும் நடப்பார்கள் என்று தோட்டமே அறியும். பசித்தவன் முடிச்சை அவிழ்த்திருந்தால்? வெறும் துணி தொங்கினால்? சாமிக்கு என்று கொண்டுபோய் வைத்தது யார் வயிற்றுக்குப் போனது என்று கேட்டால் பதில் இல்லை. அப்பா கதை அங்கேயே முடிந்துவிடும். இந்தத் தோட்டத்தில் பிறந்த மனுஷனை, அவர் கண்ணால் பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள்.

மரம் வந்தது. ஒரு கல், ஒரு சூலம். கிளைகளில் முடிச்சுகள், மழையில் மஞ்சள் வெளுத்துத் தொங்கின.

அதிகாரி கத்தியால் ஒன்றைக் கிழித்தார். காசு விழுந்தது. பின்னால் அரிசி கறுத்த தூளாகக் கொட்டியது, புழுக்கூடோடு. இன்னொன்றைக் கிழித்தார். அதிலும் அரிசி, கட்டியாகிப் பூசணம் பூத்து. மூன்றாவதும் அப்படியே. ஒரு முடிச்சையும் யாரும் தொட்டிருக்கவில்லை. சார்ஜெண்ட் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூட்ஸைக் கழற்றுவதா என்று யோசிப்பவர்போல் ஒரு அடி பின்னால் போய் நின்றார்.

"கட்டை அவிழ்த்துவிடுங்கள்" என்றார் அதிகாரி. "ஆனால் கம்பிக்கு வெளியே அரிசி இருக்கக் கூடாது. மனிதனுக்கும் சரி, கடவுளுக்கும் சரி. எல்லாவற்றையும் அறுக்கச் சொல். இவரே அறுக்கட்டும்."

முருகையா தமிழில் சொன்னான்.

"என்னுத எடுத்துக்கறேன்னு சொல்லு. மத்தது ஊராரு வேண்டுதல். அதுல கைவைக்க நான் யாரு?"

முருகையா ஆங்கிலத்தில் சொன்னான். அதிகாரி தலையசைக்கவில்லை. அறுக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டேஷன்.

"அப்பா, அறுத்துருங்க. அம்மா தனியா இருக்கும்."

சன்னாசி கத்தியை வாங்கினார். ஒவ்வொரு முடிச்சையும் அறுக்குமுன் கையில் ஏந்தி யாருடையது என்று சொன்னார், மகனிடமா கல்லிடமா என்று தெரியாத குரலில். "இது தங்கராஜு, பஸ் வாங்கினப்ப கட்டுனது. இது நல்லசாமி, மவனுக்கு ஒடஞ்ச கால் கூடுனதுக்கு." குவித்துப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். நனைந்த துணி லேசில் எரியவில்லை.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும், ஊரடங்குக்கு முன், அவர் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார். ஆள் அனுப்பிச் சொல்லும் சேதி இல்லை என்றார். தங்கராஜு, "நீ உள்ள போயிட்டா துரை வண்டிய எவன்லா ஓட்டுறது? விடு" என்று சிரித்தார். நல்லசாமி சிரிக்கவில்லை. "பெரியவரு கையில குடுத்தத போலீஸ்காரன் நெருப்புல போட்டுட்டு வந்து நிக்கிறியே" என்று கதவைச் சாத்தினார். சன்னாசி அடுத்த வீட்டுக்குப் போனார். தனக்காக மறுபடி ஒரு முடிச்சு கட்டவில்லை.

மாதம் முடியுமுன் ஒரு காலையில், ஆஸ்டின் ரப்பர் ஆலைப் பக்கம் சாலையோரம் நின்றது. எஞ்சின் அணைந்திருந்தது. கைப் பிரேக் இழுத்திருந்தது. சன்னாசி ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தார். நெஞ்சு என்றார்கள் சிரம்பான் ஆஸ்பத்திரியில்.

கருமாதி முடிந்து வந்தவர்கள் போன பிறகு தாயம்மா மகனிடம் சொன்னாள்:

"எல்லாருகிட்டயும் சொல்லிட்டாருடா. புக்கிட் பெலண்டோக்ல இருக்கற மாயாண்டி ஒருத்தன்தான் பாக்கி. மரலோரி ஓட்டுறானே, அவன். ரெண்டு புள்ள வயித்துலயே போயி, இந்தப் புள்ளைக்குன்னு அந்த மரத்துல முடிஞ்சு வெச்சிருந்தான். பொண்டாட்டிக்கு இப்ப ஏழாம் மாசம். உங்கப்பா சைக்கிள எடுத்துக்கிட்டு ரெண்டு தடவ கெளம்புனாரு. பாதி வழியிலயே திரும்பிட்டாரு."

மாயாண்டிக்கு இன்னும் தெரியாது.