நாய் டாக்டர் சொன்ன ‘மரி’

இன்னைக்கு எங்க ரோஸியை ஷேர் ஆட்டோவுல ஏத்திக்கிட்டு நாய் டாக்டர்கிட்ட போனேன்.

ரோஸி எங்க வீட்டுக்காரர் ஆசையா வளர்த்த நாய். அவர் போனதுல இருந்து பக்கத்து வீட்டு மஞ்சுளாக்காவுக்கு ஒரே பேச்சு. “ஒரு தடவை சேர்த்து விடும்மா. அவர் வளர்த்ததோட குட்டி ஒண்ணாவது வீட்டுல நிக்கட்டும்.”

எனக்கும் ஆசைதான். ஆனா ரோஸிக்கு வயசாயிடுச்சு. குட்டி போடறப்ப இதுவும் போயிட்டா நான் என்ன செய்வேன்?

டாக்டர் கன்னடக்காரர். பல்லைப் பார்த்தார், வயித்தை அமுக்கிப் பார்த்தார், தலையை ஆட்டிக்கிட்டே என்னமோ சொன்னார். அதுல ‘மரி’ங்கறது மட்டும் என் காதுல விழுந்தது.

எங்க நாகர்கோவில் பக்கம் யாராவது செத்தா மரிச்சுட்டாங்கன்னுதான் சொல்லுவோம். எனக்கு அங்கேயே அழுகை முட்டிக்கிட்டு வந்துடுச்சு. “இன்னும் எத்தனை நாளு சார் இருக்கும்?”

கூட வந்த மஞ்சுளாக்கா சிரிச்சுட்டாங்க. “அடி பைத்தியக்காரி, கன்னடத்துல மரின்னா குட்டி! இந்த வயசுல குட்டி வேண்டாங்கறார். மத்தபடி உன் நாய் கல்லு மாதிரி இருக்காம்.”

டாக்டர் ரோஸி தலையைத் தடவிக்கிட்டே எனக்காக மெதுவா இன்னொரு தடவை சொன்னார். “மரி பேடா அம்மா, மரி பேடா.”

பேடான்னா வேண்டாமாம். எனக்கு என்னமோ அவர் ரோஸிகிட்ட மரிக்க வேண்டாம்னு சொன்ன மாதிரியே இருந்தது. மனசுல இருந்த பாரம் இறங்கிடுச்சு.

குட்டி போட்டா எனக்கு ஒண்ணுன்னு நெட்டுல என் பக்கத்துல ஸ்கிராப் எழுதிப் போட்டு வச்சவங்களே, உங்களுக்கும் அதே பதில்தான்: மரி பேடா. ரோஸியைப் பார்க்க வேணும்னா வாங்க, பிஸ்கட்டோட வாங்க.