இன்னாசியின் கை இறங்கியபோது

இன்னாசி என்ற பெயரைச் சிலுவையம்மாள் முதலில் கேட்டது ராயபுரம் கோயில் பாட்டுக்குழுவில்தான். "சுருதி நூலளவு விலகினாலும் இன்னாசி காதுக்குத் தப்பாது" என்றார்கள். அந்தக் காதுக்காகவே அவனைக் கட்டிக்கொண்டாள்.

பகலெல்லாம் கப்பலில் சுத்தியலால் துரு தட்டுவான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிடில் வாசிப்பான். அந்தத் தெரு ஆண்கள் எல்லோருக்கும் சுத்தியல் வேலை. அதனால் வீட்டுக்கு வீடு கத்தித்தான் பேச்சு. காதைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் தட்டவில்லை.

1968இல் பள்ளிக்கூட மண்டபத்தில் வயலின் கச்சேரி நடந்தது. நடுவில் ஒரு பேராசிரியர் ஓசையைப் பற்றிப் பேசினார். ஒரு பெட்டியைத் திருகித் திருகி ஓசையைக் கீச்சென்று மேலே ஏற்றினார். "ஓசை கேட்கிற மட்டும் கையைத் தூக்கியே வைத்திருங்கள். நின்றதும் இறக்குங்கள்."

இன்னாசி கண்ணை மூடிக் கை தூக்கினான். சீக்கிரமே இறக்கிவிட்டுச் சிரித்தான். "நின்னு போச்சு, இல்ல மே?"

கண்ணைத் திறந்தால் மண்டபம் முழுக்கக் கைகள். சிலுவையம்மாளின் கையும்.

"உனுக்கு இன்னும் கேக்குதா?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "கேக்குதுய்யா."

பேயறைந்த முகத்தோடு எழுந்தவன், அடுத்த ஞாயிறு பிடிலைக் கோயிலிலேயே ஒப்படைத்தான். காதைத் தின்றாலும் சோறு போட்ட சுத்தியலை விட முடியவில்லை.

இப்போது எர்ணாவூரில் மகள் லூர்து வீட்டில் இருக்கிறான். அவனுக்காக அங்கேயும் கத்தித்தான் பேச்சு.